25 கட்டைகளில் அடங்குவதும் அடங்காததும்

திருகோணமலையில் கோயில் பாடலுக்கோ குறும்படத்துக்கோ இசை தேவைப்பட்டால், இன்று அந்த வேலை பெரும்பாலும் ஒரு வீட்டு மேசையிலேயே முடிந்துவிடுகிறது. மேசையில் ஒரு லப்டொப், ஒரு ஹெட்போன், ஓர் அடி நீளமுள்ள ஒரு யூஎஸ்பி கீபோர்ட். அக்காய் எம்பிகே மினி போன்றவற்றில் 25 சின்னக் கட்டைகளும், தட்டுவதற்கு எட்டு ரப்பர் சதுரங்களும், திருகுவதற்கு எட்டுக் குமிழ்களும் இருக்கும். பள்ளிப் புத்தகப் பைக்குள் அடங்கிவிடும். இந்தக் கருவி நம் ஊர் இசைக்குச் செய்த நன்மை பெரிது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்த கோலத்திலேயே பாவிப்பதால் நம் பாட்டின் உருவம் கெடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும்.

இந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. ஒரு கட்டையை அழுத்தினால் அதன் அடியில் இரண்டு ரப்பர் தொடுமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாகக் கருவி கணினிக்கு அனுப்புகிறது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்ற இரண்டு செய்திகள்தான் போகின்றன. அதை வீணையாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்வது கணினியிலுள்ள மென்பொருள். இந்தச் செய்தி முறைக்கு மிடி என்று பெயர். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இது 1983இல் வெளிவந்தது. அதற்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது. 1999இல் யூஎஸ்பிக்கும் பொது விதி வகுக்கப்பட்டதால், தனி மென்பொருள் நிறுவாமலே கேபிளைச் செருகியதும் பெரும்பாலான கணினிகள் இதை அடையாளம் காண்கின்றன.

இதன் அருமையை 2022 நமக்குக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. சுவர் மின்சாரத்தை நம்பிய பெரிய ஓர்கன்கள் மூலையில் கிடந்தன. யூஎஸ்பி துளை தரும் 5 வோல்ற், அரை அம்பியருக்குள்ளேயே வேலை செய்யும் இந்தச் சின்னக் கீபோர்டுக்கு லப்டொப் பற்றரி போதும். ஹெட்போன் போட்டால் அயல் வீட்டுக்கும் தொந்தரவு இல்லை.

அதைவிடப் பெரிய நன்மை தூரம் குறைந்தது. முன்பு ஒரு கோயிலுக்கு இறுவெட்டு வெளியிட வேண்டுமென்றால் கலையகம் தேடி யாழ்ப்பாணத்துக்கு அல்லது 260 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. பாடகர், பக்கவாத்தியக்காரர் எல்லோருக்கும் போக்குவரவும் தங்குமிடமும் பார்க்கவேண்டியிருந்தது. சிறிய கோயில்களின் பரிபாலன சபைகளுக்கு அது எட்டாக் கனியாக இருந்தது. சல்லிக் கிராமத்தில் இருக்கும் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்கும் இன்று சொந்தப் பாடல் செய்ய முடிகிறதென்றால் அதில் இந்தக் கருவிக்குப் பங்கு உண்டு. இதைக் குறைத்து மதிப்பிடும் சங்கீத வித்துவான்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறைகளில் முதலாவது எளிதில் தீரக்கூடியது. செருகி அழுத்தியதும் ஒலி சற்றுப் பிந்தி வருகிறது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். கணினி ஒலியைத் துண்டு துண்டாகத் திரட்டி வெளியிடுகிறது. வினாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில், 1,024 மாதிரிகள் சேரும்வரை காத்திருந்தால் 23 மில்லி வினாடி போய்விடும். தாளம் தெரிந்த விரலுக்கு அது இடறும். 128 ஆகக் குறைத்தால் 3 மில்லி வினாடிதான். விண்டோஸ் கணினியில் ஏசியோ முறைக்கு மாற்றி இந்த எண்ணைக் குறைத்தால் போதும். இது தெரியாமல் கீபோர்ட் பழுது என்று விற்றவர்களும் இருக்கிறார்கள்.

தீராத சிக்கல், சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகத்தில்தான். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இடத்தில் நிற்கும் ஸ்வரமல்ல. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்து அசைந்தே உருவாவது. கட்டையை மட்டும் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டதுபோல நேரான ஒலிதான் கிடைக்கும். ஒலியை வளைப்பதற்கென்று கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதன் முழு அசைவும் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் பெரும்பாலான மென்பொருள்களில் வைக்கப்பட்டிருக்கிறது. தோடிக் காந்தாரத்துக்கு அது விளிம்புவரை சரியாகப் போதும். சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிச் செல்லும் ஒரு ஜாரு போடப் போதாது. அதற்கு ஏழு அரைச்சுரம் வேண்டும். எல்லையை ஏழாகவோ பன்னிரண்டாகவோ கூட்டலாம், அதுவும் கீபோர்டில் அல்ல, ஒலி தரும் மென்பொருளில். கூட்டியதும் அடுத்த தொல்லை வரும். மிடி அந்த அசைவை 16,384 படிகளாக நுணுக்கமாக அளந்தாலும், மினி கீபோர்டின் நெம்புகோல் நகர்வது சில மில்லிமீற்றர்தான். விரல் ஒரு மயிரிழை பிசகினாலும் சுருதி விலகும். விட்டால் வில் இழுத்து நடுவுக்குத் துள்ளும். அந்தத் துள்ளலும் பாட்டில் கேட்கும். பெரிய கீபோர்டுகளில் நெம்புகோலுக்குப் பதிலாக உள்ள சில்லு இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார் என்பதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அது பயிற்சியால் வந்த இடது கை. சின்ன நெம்புகோலோடு கடையில் கிடைப்பதல்ல.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சாதாரண மிடியில் வளைவுச் செய்தி ஒரு தடத்திலுள்ள எல்லா ஒலிக்கும் சேர்த்தே போகும். அதே தடத்தில் சட்ஜம், பஞ்சமம் என்று சுருதியைப் பிடித்துவிட்டு மேலே ராகத்தை வளைத்தால் சுருதியும் கூடவே வளையும். சுருதிக்கு வேறு தடம் ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு தரும் முறை 2018இல் மிடி விதியில் சேர்ந்துவிட்டது. ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் வாசிக்கும் கொன்டினியம் போன்ற, கட்டைகளே இல்லாத விரல்பலகைகள் அந்த வழியைத்தான் தேடின. அவற்றின் விலை நம் பிள்ளைகளுக்குக் கட்டாது.

இது புதிய வழக்கல்ல. கமகம் பிடிக்காது, சுரங்கள் நம் சுருதிக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்து, 1971 வரை அந்தத் தடையைத் தளர்த்தாமல் வைத்திருந்தது. தடை பிழையான மருந்து. பஜனையிலும் இசை நாடகத்திலும் ஆர்மோனியம் செய்த தொண்டை அது பார்க்கவில்லை. ஆனால் சொன்ன நோய் உண்மையானது. திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்தவர்களுள் ஒருவரான விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பழந்தமிழ்ப் பண்களின் சுர இடைவெளிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். அப்படி ஓர் ஆய்வோடு உறவுள்ள ஊரில், பன்னிரண்டு சமத் துண்டுகள்தான் இசை என்று ஒரு பிள்ளை எண்ணி வளர்வது எனக்கு வலிக்கிறது.

25 கட்டை போதாது என்ற குறையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒரு சாதாரண கீர்த்தனை மந்தர பஞ்சமத்துக்கும் தார பஞ்சமத்துக்கும் இடையில்தான் பெரும்பாலும் உலாவுகிறது. அது சரியாக இரண்டு ஸ்தாயி, 25 கட்டை. இடது கோடிக் கட்டையைப் பஞ்சமமாக வைத்து, பொத்தானால் சுருதியை மாற்றிக்கொண்டால் நான்காவது வெள்ளைக் கட்டை சட்ஜமாகிவிடும்; ஸ்தாயிப் பொத்தானைத் தொடவே தேவையில்லை. பாடுபவர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் விரல் மாறாது. இந்த வசதியிலேயே ஒரு குழியும் இருக்கிறது. பொத்தானால் மட்டும் சுருதி மாற்றிப் பழகிய பிள்ளை, தேவாலயத்தின் ஓர்கனிலோ பஜனை மண்டப ஆர்மோனியத்திலோ உட்கார்ந்ததும் திகைத்துப்போகும். வாரத்தில் ஒருநாளாவது பொத்தானில்லாமல் வாசிக்கப் பழக்கவேண்டும்.

ரப்பர் சதுரங்களில் மிருதங்கம், தவில் அடிப்பதைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. தனித்தனிச் சொல் விழும். தொப்பியில் கை தேய்த்து எழுப்பும் கும்கி விழாது. ஆபத்து வேறு. ஆயத்தமாக வரும் தாளத் துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு மென்பொருள் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டால் பாட்டு ஆகிவிடுகிறது. வல்லிசை, மெல்லிசை பேதமில்லாமல் எல்லாச் சுரமும் ஒரே பலத்தில். கட்டையின் இறக்கம் குறைவாக இருப்பதால் வேகத்தைப் பிரித்துக் காட்டுவது கடினம்தான். கட்டை எவ்வளவு மென்மையாக எதிர்வினை காட்டவேண்டும் என்று மாற்றும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. அதைத் தொடுவோர் குறைவு.

துறைமுகப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்று முதலில் தின்பது யூஎஸ்பி முனையை. கச்சான் காற்றுக் காலத்தில் தூசு கட்டைகளின் இடுக்கில் இறங்கி ரப்பர் தொடுமுனையில் படிந்தால், சில கட்டைகள் உரத்துக் கத்தும், சில ஊமையாகும். வாசித்து முடித்ததும் துணியால் மூடிவையுங்கள், யன்னலோரத்தில் வைக்காதீர்கள். யூஎஸ்பி முனை மெல்லியது, திருத்துவதற்கு ஆள் கிடைப்பதும் எளிதல்ல.

வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு வாய்ப்பாடோ வயலினோ ஓரளவு படித்த பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். காதில் இருக்கும் ராகம் கருவியின் குறையைக் கண்டுபிடிக்கும். இசையே தொடங்காத பிள்ளைக்கு இதை முதல் கருவியாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் முதலில் ஒரு சங்கீத ரீச்சரிடம் அனுப்புங்கள்.

கோயில் பாடல் செய்யும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். மெட்டமைக்க, சுருதி பிடிக்க, கோர்வை போட்டுப் பார்க்க இந்தக் கீபோர்டை விட நல்ல துணை இல்லை. இறுதிப் பதிவில் நாதஸ்வரம் வரவேண்டிய இடம் வந்ததும் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, திருவிழாவுக்கு நம் ஊரில் வாசிக்கும் கலைஞர் ஒருவரை ஒரு மணிநேரம் வீட்டுக்கு அழையுங்கள். உரிய சன்மானம் கொடுங்கள். யூஎஸ்பி ஒலிவாங்கியும் அதே லப்டொப்பில்தான் செருகப்படுகிறது.