தட்டுக்கு வந்து சேராத எச்சரிக்கை

சுரண்டையில் ஒரு பெண்ணிடம் போய், "புகைக்காதே அம்மா" என்றால் அவள் முகத்தைத்தான் பார்ப்பாள். அவள் புகைப்பதே இல்லை. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர்தான். வாயில் அடக்குவோர், மெல்லுவோர், பல்லில் தேய்ப்போர் ஏறக்குறைய 13 பேர். பெண்களுக்கான புகையிலை ஒழிப்புப் பணியை இந்த இரண்டாவது எண்ணைக் கொண்டே அளக்க வேண்டும்.

அந்த எண்ணிலும் சேராத ஒருத்தி இங்கே இருக்கிறாள். சுரண்டை, ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் மத்தியான நேரத்தில் திண்ணைகளைப் பாருங்கள். மடியில் பீடி சுற்றும் தட்டு, பக்கத்தில் நனைத்து வைத்த இலை, கத்திரி, நூல், குவியலாய்ப் புகையிலைத் தூள். அந்தத் தூள் மூச்சிலும் போகிறது, விரல் தோலிலும் இறங்குகிறது. வாயில் வைக்காமலே புகையிலையோடு வாழ்கிறாள். பள்ளி விட்டு வரும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுத்தால் அவளுக்கும் அதேதான்.

2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நல்ல சட்டம். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் கடை கூடாது என்கிறது. 2016 முதல் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை. ஆனால் இவை எல்லாம் வாங்குகிறவரைப் பார்த்துப் பேசுபவை. சுற்றுகிறவளிடம் தூள் எடை போட்டு வருகிறது, படத்தோடு வருவதில்லை.

பீடித் தொழிலாளருக்காக 1966இல் வந்த சட்டமும், 1976இன் நல நிதியும், முக்கூடல் மருத்துவமனையும் சிறியவை அல்ல. வீட்டில் இருந்தபடி பிள்ளையையும் பார்த்துக்கொண்டு கஞ்சிக்கு வழி செய்த தொழில் இது. அதைப் பழித்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் நல நிதிக்கு வருவாய் தந்த தீர்வை 2017இல் எடுக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என முடிவெடுத்தபோதே பீடிக்கு 28இலிருந்து 18ஆகக் குறைத்தது. தொழிலாளியைக் காக்கத்தான் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வரி குறைந்தால் பீடி மலிவாகலாம். ஆயிரம் பீடிக்கான கூலி தானாக உயர்ந்துவிடாது.

உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 17ஆவது பிரிவு புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரத்தை ஊக்குவிக்கச் சொல்கிறது. அந்த அளவுகோலில் இந்தப் பகுதிக்குச் செய்தது போதாது, மிகவும் போதாது.

என் கணக்கில், இங்கே பெண்பிள்ளைகளுக்காக உருப்படியாக நடந்தது புகையிலைத் திட்டமே அல்ல. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டம்தான் அது. அரசுப் பள்ளியில் படித்து, சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்துக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் பேரணியைவிட அதற்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். அம்மாவுக்கும் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வரலாம், ஆனால் தட்டை இறக்கி வைக்க அது காணாது. அவளுக்கு வேறு வேலை வேண்டும், அதுவும் வீட்டுக்கு அருகில்.

அதுவரை ஒன்றாவது செய்யலாம். பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்ணிடம் "புகைப்பீர்களா" என்பதோடு விடாமல், "வெற்றிலையோடு பொகையிலை வைக்கிறீங்களா, பீடி சுத்துறீங்களா" என்றும் கேட்கலாம். பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற எண்ணைப் பொட்டலத்தோடு நிறுத்தாமல், கட்டுகளை ஒப்படைக்கப் பெண்கள் வரிசையில் நிற்கும் பீடிக்கடைச் சுவரிலும் பெரிதாக எழுதலாம்.