சிறைப்புறத்தார் கேட்கும் உரையாடல்: மேடை நேர்காணலில் கேட்போர் நிலை

இதழாளர் ஒருவரும் கலைஞர் ஒருவரும் மேடையில் எதிரெதிரே அமர்ந்து, கட்டணம் செலுத்தி வந்த கூட்டத்தின் முன் உரையாடுவது தனியொரு பேச்சு வகையாக நிலைபெற்றுவிட்டது. அச்சில் வரும் நேர்காணலில் பேச்சு நிகழும் நேரத்தில் இருப்போர் இருவரே. வாசகர் பின்னர் வருகிறார். மேடை நேர்காணலிலோ மூன்றாமவர் உடனிருக்கிறார். இருமுகிறார், சிரிக்கிறார், சில வேளைகளில் எழுந்தும் போகிறார். இம்மூன்றாமவரின் மொழிநிலை யாது? அவர் பேசப்படுபவரா, கேட்டுக்கொண்டிருப்பவரா, அன்றி ஒட்டுக்கேட்பவரா? இவ்வினாவிற்குத் தெளிவான விடை இல்லாமையால் ஓர் உரையாடல் முறிந்துபோனதையும், இவ்வினாவையே எழாமற் செய்து மற்றோர் உரையாடல் வெற்றி பெற்றதையும் இங்கு ஆராய்கிறேன். இவ்விரண்டும் மொழிபெயர்ப்பாளருக்கு விட்டுச்செல்லும் சிக்கலே இறுதிப் பகுதியின் பொருள்.

1. நியூயார்க், 2010

1874இல் தொடங்கப்பெற்ற பழைய பண்பாட்டு நிறுவனமான நியூயார்க்கின் 92ஆம் தெரு ‘ஒய்’ அரங்கில் 2010 நவம்பர் 29 அன்று நடிகரும் எழுத்தாளருமான ஸ்டீவ் மார்ட்டினுடன் டெபோரா சாலமன் உரையாடினார். சாலமன் அப்போது நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் கேள்வி-பதில் பகுதியை எழுதிவந்தவர், ஓவியத் திறனாய்வாளர், ஜாக்சன் பொல்லாக், ஜோசப் கார்னெல் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர். மார்ட்டின் நெடுங்காலமாக ஓவியங்களைச் சேகரித்துவருபவர். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த அவரது ‘ஆன் ஆப்ஜெக்ட் ஆஃப் பியூட்டி’ என்னும் புதினம் நியூயார்க்கின் ஓவிய வணிக உலகைப் பற்றியது. ஆகவே இருவரும் ஓவியத்தைப் பற்றியே பேசினர். நுழைவுக் கட்டணம் 50 டாலர். நிகழ்ச்சி வேறு ஊர்களில் கூடியிருந்தோருக்கும் உள்ளிணைப்புத் தொலைக்காட்சி வழியே காட்டப்பட்டது.

உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியூர்ப் பார்வையாளரின் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஓவியப் பேச்சு சலிப்பூட்டுகிறது, அவருடைய திரையுலக வாழ்வைப் பற்றிக் கேளுங்கள் என்பது அவற்றின் சாரம். நிறுவனத்தைச் சார்ந்த ஒருவர் மேடையேறிச் சாலமனிடம் ஒரு துண்டுத்தாளைத் தந்தார். மார்ட்டினின் தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு அதில் எழுதியிருந்தது. சாலமன் அதனை உரக்கப் படித்தார், அவையினர் ஆரவாரித்தனர். எஞ்சிய நேரம் பார்வையாளரின் கேள்விகளுக்கு ஒதுக்கப்பட்டது. மறுநாள் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வந்திருந்தோர்க்குக் கட்டணத்தை ஈடுசெய்வதாக அறிவித்தது.

இந்நிகழ்ச்சி அக்காலத்தில் நாகரிகம், வணிகம், இணையத்தின் பொறுமையின்மை என்னும் கோணங்களிலேயே பெரிதும் பேசப்பட்டது. மொழியியல் நோக்கில் இதில் பயில வேண்டியது வேறு.

கேட்பவர் என்னும் ஒற்றைச் சொல் போதாது என்பதைக் காஃப்மன் 1981இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். உரையாடலில் ஏற்கப்பட்ட கேட்போரும் ஏற்கப்படாத கேட்போரும் உளர். ஏற்கப்பட்டோருள்ளும் நேரே விளிக்கப்படுவோர், விளிக்கப்படாதோர் என்னும் பிரிவு உண்டு. ஆலன் பெல் 1984இல் இதனைப் பேச்சுநடையின் தேர்வோடு இணைத்து, பேசுபவர் யாருக்கேற்பத் தம் நடையை அமைக்கிறார் என்னும் வினாவாக மாற்றினார். செய்தி நேர்காணலை ஆராய்ந்த ஹெரிட்டேஜ் 1985இல் அதனை, ‘செவிமடுத்துக்கொண்டிருக்கும்’ அவைக்காக ஆக்கப்படும் பேச்சு என்றார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இவ்விளக்கம் பொருந்தும். மேடைக்கு அது முழுதும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒலிபரப்பைக் கேட்போர் பேசுவோர்க்குப் புலப்படுவதில்லை. மேடைக்கு முன் அமர்ந்தோர் புலப்படுகின்றனர். அவர்களுக்குச் சிறியதொரு சொற்றொகுதியும் உண்டு: கைதட்டல், சிரிப்பு, முணுமுணுப்பு, மௌனம். தேர்ந்த பேச்சாளர் இந்நான்கையும் விடைகளாகவே கொண்டு தம் அடுத்த தொடரை அமைக்கிறார்.

நம் இலக்கண மரபு இதற்கு நுட்பமானதொரு சொல்லைத் தந்துள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் செய்யுளின் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. அகப்பாடல்களுக்குப் பிற்காலத்தார் வகுத்த துறைக் குறிப்புகளில் ‘சிறைப்புறம்’ என்பது பலமுறை வருகிறது. தலைவன் வேலிப்புறத்தே நிற்கிறான். தோழி அதனை அறிவாள். அறிந்தும் அவனை நோக்காமல் தலைவியிடம் பேசுகிறாள். விளிக்கப்படுபவள் தலைவி, உணர்த்தப்படுபவன் தலைவன். வேலியை நோக்கித் தோழி ஒருமுறை திரும்பிவிட்டால் அப்பேச்சின் வலிமை முழுதும் போய்விடும். அதே வேளையில் தலைவன் நிற்பதை மறந்து அவள் பேசினாலும் பேச்சு பயனற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியே மேடை நேர்காணலின் வழியும்.

சாலமன் மேல் நான் காணும் குறை இரண்டாவது வகையினது. ஓவியத்தைப் பற்றிப் பேசியது குறையன்று. அறிந்தவர் இருவர் தமக்குள் பேசும்போது பொது அறிவாக உள்ளவற்றை விட்டுவிட்டு மேலே செல்வர். இது உரையாடலின் இயல்பு. லபோவ், ஃபான்ஷெல் இருவரும் 1977இல் காட்டியவாறு, இருவரும் அறிந்த செய்தியை வினாவாகக் கேட்பது அன்றாடப் பேச்சில் விந்தையானது. ஆசிரியரும் வழக்கறிஞருமே அவ்வாறு கேட்பர். மேடை நேர்காணல் செய்பவர் இம்மூன்றாவது கூட்டத்தைச் சார்ந்தவர். விடை தெரிந்தும் அவர் கேட்டாக வேண்டும். கலைஞர் கூறியதை வேறு சொற்களில் வழிமொழிந்து அவைக்குக் கடத்த வேண்டும். புதினம் வெளிவந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அவையினருட் பெரும்பாலோர் அதனைப் படித்திருக்க இயலாது. படிக்காதவர் முன் பாத்திரங்களைப் பற்றி வினவுவது, வேலிப்புறத்தே எவரும் இல்லை எனக் கொண்டு பேசுவதாகும்.

எனினும் நிறுவனம் செய்தது இதனினும் பெரும் பிழை. துண்டுத்தாள் மேடைக்கு வந்த கணத்தில் பேச்சின் பொறுப்பு எவ்வாறு இடம் மாறியது என்பது நோக்கத்தக்கது. காஃப்மனின் பாகுபாட்டின்படி ஒரு கூற்றிற்கு ஒலிப்பவர், இயற்றியவர், பொறுப்பாளர் என மூவர் இருக்கலாம். தாளை ஒலித்தவர் சாலமன், இயற்றியது நிறுவனம், அதில் வெளிப்பட்ட விருப்பத்திற்கு உரியவர் மின்னஞ்சல் எழுதியோர். ஆரவாரம் எழுந்தபோது அரங்கில் இருந்தோரும் அவ்விருப்பத்தைத் தமதாக்கிக்கொண்டனர். அதுவரை நாற்சொல் மட்டுமே உடையோராய் இருந்த அவையினர்க்கு மின்னஞ்சல் முழு வாக்கியங்களைத் தந்தது. ஆனால் பேச்சு வாய்ப்பைத் தரவில்லை. சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 1974இல் வகுத்த பேச்சுமுறை விதிகளின்படி அடுத்துப் பேசுபவரைப் பேசிக்கொண்டிருப்பவர் தெரிவு செய்யலாம். அன்றேல் ஒருவர் தாமே முன்வரலாம். இங்கு நடந்தது இவ்விரண்டும் அன்று. பேச்சில் இடம்பெறாத ஒரு நிறுவனம், பேச்சில் இடம்பெறாதோர் சார்பில், பேசிக்கொண்டிருந்தவரின் வாயைக் கொண்டே பேச்சை நிறுத்தியது. சாலமன் தாளை உரக்கப் படிக்காமல் மடித்து வைத்திருந்தால் நிகழ்ச்சி வேறாகியிருக்கக்கூடும் என்பது உண்மை. ஆயினும் தாளை எழுதியவரின் பொறுப்பு அதனாற் குறைவதில்லை.

பணத்தை ஈடுசெய்ததும் இத்தகையதே. கட்டணம் செலுத்தியோர் பெற்றது ஓர் உரையாடலின் உடனிருக்கும் உரிமை. அவ்வுரையாடல் எதைப் பற்றியது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை நிறுவனம் பின்னோக்கி வழங்கியது. கச்சேரியில் சீட்டு அனுப்பி விருப்பப் பாடலைக் கேட்பது நமக்குப் பழக்கமானதே. ஆயினும் பாடகர் இராகத்தின் நடுவில் இருக்கையில் சபைச் செயலாளர் மேடையேறி நிறுத்தச் சொல்வதில்லை.

2. பாரிஸ், 1975

இனி நேர்மாறானதொரு நிகழ்வு. இதழாளர் பெர்னார் பிவோ 1975 முதல் 1990 வரை பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடத்திய ‘அப்போஸ்த்ரோஃப்’ நேரலையாக ஒளிபரப்பாகி, நூல் விற்பனையையே பாதிக்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1975 மே 30 அன்று விளாதிமிர் நபக்கோவ் அதில் தோன்றினார். ‘ஆடா’ புதினத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அவ்வாண்டு வெளிவந்திருந்தது. அம்மொழிபெயர்ப்பைத் திருத்துவதில் அவர் பேருழைப்பு செலுத்தியிருந்தார். எழுத்தில் வினாக்களைப் பெற்று எழுத்திலேயே விடை தருவது அவர் வழக்கம் என்பதை 1973இல் வெளியான தம் நேர்காணல் தொகுப்பின் முன்னுரையில் அவரே விளக்கியுள்ளார். தொலைக்காட்சியிலும் அவ்வாறே செய்தார். வினாக்கள் முன்னரே அனுப்பப்பட்டன. மேசையில் அடுக்கியிருந்த நூல்களுக்குப் பின்னால் குறிப்பட்டைகள் மறைந்திருந்தன. அவற்றை நோக்கியே விடை கூறினார். கோப்பையில் பிவோ தேநீர்போல ஊற்றிக்கொண்டிருந்தது விஸ்கி.

அட்டையைப் படிப்பது உரையாடலாகுமா என்று கேட்கலாம். கண்டிப்பாக நோக்கின் ஆகாது. அடுத்தவர் கூற்றால் தன் கூற்று மாறக்கூடும் என்னும் வாய்ப்பு இல்லாத இடத்தில் இருவர் இருப்பினும் பேச்சு தனிமொழியே. ஆயினும் நபக்கோவின் நிகழ்ச்சி இன்றும் விரும்பிக் காணப்படுகிறது. காரணம், அங்கு ஏமாற்றப்பட்டவர் எவரும் இல்லை. அட்டைகளை அவர் பெரிதாக மறைக்கவும் இல்லை. பிவோ தம் பங்கை அறிந்து நடித்தார். அவையோ அழகிய உரைநடை ஒன்று ஒலிவடிவம் பெறுவதைக் கேட்டது. தோழியும் தலைவியும் முன்னரே கூடிப்பேசி வைத்துக்கொண்ட சிறைப்புறக் கூற்று அது.

மார்ட்டின் செய்ய முயன்றது இதனினும் இடர் மிக்கது. முன்னேற்பாடான நகைச்சுவையைத் தந்திருந்தால் அவர் எளிதில் தப்பியிருக்கலாம். அவையும் அதையே விரும்பியது. அவ்வழியை விட்டு, எங்குச் செல்லும் என அறியாத பேச்சை அவர் தேர்ந்தார். அத்தகைய பேச்சு தொடக்கத்தில் தொய்வாகவே இருக்கும். வடிவம் பின்னரே புலப்படும். அதற்குரிய நேரம் மறுக்கப்பட்டது என்பதே என் வருத்தம்.

3. மொழிபெயர்ப்பில் வேலி

இத்தகைய உரையாடல்கள் இப்போது நூல்களாகவும் வருகின்றன. அவற்றைத் தமிழாக்கும் பணியும் பெருகியுள்ளது. ‘உரையாடல் என்றால் பேச்சுத் தமிழ்’ என்னும் பொதுவிதி ஒன்று பதிப்பகங்களில் நிலவுகிறது. இது ஏற்புடையதன்று. நபக்கோவின் விடைகளைப் பேச்சு வழக்கில் தந்தால் அவர் மறைக்காத அட்டைகளை நாம் மறைத்துவிடுகிறோம். அவருக்கு எழுத்து வழக்கே தகும். பிவோவின் இடையீடுகளுக்குப் பேச்சு வழக்குப் பொருந்தும். ஒரே பக்கத்தில் இருவழக்கும் நிற்பது கண்ணுக்கு உறுத்தலாம். அவ்வுறுத்தல் மூலத்தில் உள்ளதே.

இதனினும் கடினமானது தன்மைப் பன்மை. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் உளப்பாட்டுத் தன்மை வேறு, உளப்படுத்தாத் தன்மை வேறு. நானே புனைந்த எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். நேர்காணல் செய்பவர், ‘மேடைக்கு வருமுன் பேசிக்கொண்டிருந்தோமே’ என்னும் பொருள்பட ஒன்று கூறுகிறார். ‘நாம் பேசிக்கொண்டிருந்தோம்’ என மொழிபெயர்த்தால் அவர் கலைஞரை நோக்கியிருக்கிறார். அவை வேலிக்கு அப்பால் உள்ளது. ‘நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்’ எனில் அவர் அவையை நோக்கித் திரும்பிவிட்டார். ‘இந்நூலுக்காகக் காத்திருந்தோம்’ என்னும் தொடரிலோ ‘நாங்கள்’ என்பது கேள்வி கேட்பவரையும் அவையையும் ஒருபுறம் சேர்த்துக் கலைஞரைத் தனியே நிறுத்துகிறது. ஒலிப்பதிவு மட்டும் இருப்பின் முகம் எத்திசையில் இருந்தது என்பதை மொழிபெயர்ப்பாளர் ஊகித்தே ஆகவேண்டும். காட்சிப்பதிவைப் பாராமல் இத்தகைய உரையாடலைத் தமிழாக்க ஒப்புக்கொள்வதில்லை என நான் முடிவு செய்ததற்கு இதுவே காரணம்.

அம்முடிவிற்கு முன் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு மேடை உரையாடலின் ஆங்கில எழுத்துப்படியை மட்டும் கொண்டு மொழிபெயர்த்துத் தந்தேன். என் ‘நாம்’ அனைத்தையும் பதிப்பாசிரியர், அச்சுக்கு அதுவே மதிப்பாக இருக்கும் எனக் கருதி, ‘நாங்கள்’ என மாற்றினார். அச்சில் பார்த்தபோது எதிரில் இருந்தவரைப் புறக்கணித்து வாக்கியத்திற்கு ஒருமுறை கூட்டத்தை நோக்கிப் பேசும் பேட்டியாளர் ஒருவர் அங்கு இருந்தார். அத்தகைய ஒருவர் அம்மேடையில் இருந்ததே இல்லை. பதிப்பாசிரியரை முழுதும் குறைகூறவும் இயலவில்லை. என் ‘நாம்’களுள் எத்தனை சரி என்பதற்கு என்னிடமும் சான்று இல்லை.

மார்ட்டின் தம் மறுமொழியை அடுத்த வாரமே நியூயார்க் டைம்ஸில் கட்டுரையாக எழுதினார். தமக்காகப் பிறர் தெரிந்தெடுத்த வழக்கமான கேள்விகளோடு தப்புவதினும் ஓவியப் பேச்சோடு மேடையில் வீழ்வதையே விரும்பியிருப்பேன் என்பது அதன் கருத்து. அக்கட்டுரையைத் தமிழாக்குவோர்க்கு மேற்கூறிய சிக்கல் எதுவும் எழாது. அது பெரிதும் தன்மை ஒருமையில் உள்ளது. கேட்போர் அனைவரும் வாசகராகிவிட்டனர்.