சேற்றில் இறங்கிய இன்சொல்

திருச்சி உறையூரில் பிறந்த ஒருவர் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இலங்கையின் அனுராதபுரம் போனார். அங்கே மகாவிகாரையில் கற்றார். சோழநாடு திரும்பி, காவிரிக் கரையிலிருந்த பூதமங்கலத்து விகாரையில் அமர்ந்து, பௌத்தத் துறவிகளின் கூட்டு வாழ்க்கைக்கான ஒழுங்குகளைப் பாலி மொழியில் செய்யுளாகச் சுருக்கி எழுதினார். புத்ததத்தர் என்பது அவர் பெயர். பாலி நூல்கள் சொல்லும் உரகபுரம் உறையூரே என்பது ஆய்வாளர் கருத்து. மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் அறிந்த அளவுக்குத் திருச்சிக்காரர்கள் இவரை அறியமாட்டார்கள்.

அந்தக் கூட்டு வாழ்க்கை ஒழுங்கைத் துறவிகளிடமிருந்து எடுத்து ஊர்மக்களிடம் கொடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நம் காலத்தில் கிடைத்த பெரிய விடை, இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கம். சிரமதானம் என்றால் உழைப்பைக் கொடையாகத் தருவது. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கனத்தொலுவ என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ரொடியா மக்களின் ஊர் அது. கொழும்புப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, அவர்களோடு உண்டு, மண்வெட்டி பிடித்தார்கள். பின்னாளில் பதினைந்தாயிரம் ஊர்கள்வரை இயக்கம் பரவியது. 1969இல் ஆரியரத்னவுக்கு மகசேசே விருது, 1996இல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசு.

சர்வோதயம் என்ற பெயர் காந்தியிடமிருந்து வந்தது. பொருள் மாறிவிட்டது. காந்தியின் சர்வோதயம் அனைவரின் உயர்வு; ஆரியரத்ன அதை அனைவரின் விழிப்பு என்று பௌத்தமாக்கினார். காந்தியமும் பௌத்தமும் இப்படிக் கைகோத்தது இலங்கையில் மட்டும் அல்ல. தஞ்சாவூரில் பிறந்த கிறித்தவரும் காந்தியவாதியுமான ஜே. சி. குமரப்பா, இயற்கையை அழிக்காமல் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிச் சிறையில் எழுதிய நூல் 1945இல் வந்தது. பர்மாவில் ஆலோசகராக இருந்த பொருளியலாளர் ஷூமாக்கர், 1966இல் பௌத்தப் பொருளியல் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குமரப்பாவைத்தான் மேற்கோள் காட்டுகிறார். நிலைத்த வளர்ச்சி என்று இன்று உலகம் பேசுவதில் காவிரிப் படுகையின் பங்கும் உண்டு.

சிரமதான முகாமின் அடித்தளம் பௌத்தம் சொல்லும் நான்கு நடத்தைகள்: தானம், பிரிய வசனம் என்னும் இன்சொல், பயனுள்ள செயல், சமநிலை. தானம் திருவரங்கத்துக்குப் புதிதல்ல. 2012 முதல் அரங்கநாதர் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. ஆனால் பந்தியில் பரிமாறுபவர் வேறு, உண்பவர் வேறு. சிரமதானத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வரிசையில் நின்று மண் சுமக்கிறார்கள். பிரிய வசனமும் அங்கே வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. முகாமில் அனைவரும் உறவுமுறை சொல்லித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். அம்மா, அக்கா என்ற சொற்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றே என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு நடுவே குடும்பக் கூட்டம் கூடும். பள்ளிப் பிள்ளையும் பேசலாம். நேற்றுவரை நிழல்கூடப் படக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்ணை மேல்சாதிப் பிள்ளை அக்கா என்று கூப்பிடுவதில்தான் இந்த முறையின் முழு வலிமையும் இருக்கிறது. வெட்டிய சாலை மழையில் கரைந்தாலும் அந்தச் சொல் ஊரில் தங்கும்.

குறைகளும் சிறியவை அல்ல. கணநாத் ஒபயசேகரவும் ரிச்சர்ட் கோம்பிரிச்சும் 1988இல் வைத்த விமர்சனம் கூர்மையானது: சர்வோதயம் காணும் கிராமம், நகரத்து நடுத்தர வர்க்கம் கனவில் கண்ட கிராமம். நிலம் யாருடையது, கடன் கொடுப்பவர் யார் என்ற கேள்விகள் அந்தக் கனவில் மங்கிவிடுகின்றன. தற்சார்பு பேசிய இயக்கம் வெளிநாட்டு நிதியைச் சார்ந்து வளர்ந்தது. தொண்ணூறுகளில் கொடையாளர்கள் கையை இறுக்கியபோது தடுமாறியது. எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை 1983. ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன. சர்வோதயம் நிவாரணப் பணியில் இறங்கியது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஆண்டின் இறுதியில் கதிர்காமத்திலிருந்து நாகதீபம்வரை ஆரியரத்ன திட்டமிட்ட அமைதி நடைப்பயணம், குடியரசுத் தலைவர் கேட்டுக்கொண்டதால் தொடக்கத்திலேயே நின்றது. இன்சொல் பக்கத்து வீட்டுக்காரரை மாற்றியது. அரசின் முன்னால் அது பணிந்துபோயிற்று.

இன்சொல் எதுவரை செல்லும் என்ற இதே அளவுகோலைத் திருச்சியில் வைத்துப் பார்க்கலாம். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ராஜராஜ சோழன் காலத்தது. நகருக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது. தன்னார்வலர்கள் இறங்கினால் ஒரே நாளில் ஆகாயத்தாமரையை அள்ளிவிடலாம். கழிவுநீர்க் குழாயை அடைக்க மண்வெட்டி போதாது. மாநகராட்சியிடம் கணக்குக் கேட்க வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துப்போனபோது, மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குற்றம்சாட்டினார்கள். மணல் லாரிக்கு முன் பிரிய வசனம் மட்டும் எடுபடாது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊர்மக்களே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2017இல் தமிழக அரசு மீட்டெடுத்தது; செலவில் பத்து விழுக்காடு விவசாயிகளின் பங்கு என்றது. அரசின் பணமும் ஆணையும் இருந்தும், பல இடங்களில் அது ஒப்பந்த வேலையாகவே முடிந்தது என்ற குறை விவசாயிகளிடமிருந்தே எழுந்தது. ஊர் கூடவில்லை, குடும்பக் கூட்டம் இல்லை, யாரும் யாரையும் அக்கா என்று அழைக்கவில்லை. சர்வோதயத்திடம் இருந்தது இங்கே இல்லை. இங்கே இருந்தது சர்வோதயத்திடம் இல்லை. இரண்டில் கடினமானது எது என்றால், மனிதர்களைச் சேர்ப்பதுதான். அதைச் செய்து காட்டியவரையில் ஆரியரத்னவின் முறை, குறைகளோடும், கற்றுக்கொள்ளத் தக்கது.

நகரைக் கடந்த உய்யக்கொண்டான் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. அந்த ஊரில்தான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. புத்ததத்தர் போன வழியே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அடுத்த முறை வாய்க்காலைத் தூர்வார நாள் குறிக்கும்போது, முதல் அழைப்பு அந்த முகாமுக்குப் போகட்டும்.