அம்மாவின் முகூர்த்தப் பட்டு

அம்மாவின் முகூர்த்தப் பட்டு இப்போது என்னிடம். காஞ்சிபுரம் நெசவு, அரக்கு உடல், பச்சைக் கரை. உட்புறத்தையும் திருப்பிப் பார்த்து ரசிக்க வேண்டிய சேலை. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நிறப் பாவு. மூன்று நாடா ஓட்டி, ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் கோத்திருக்கிறார்கள். இந்தக் கோர்வைக்குத் தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார வேண்டும். முந்தானை தொடங்கும் இடத்தை விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அதுதான் பிட்னி: உடலின் பாவிழைகளோடு முந்தானையின் வேற்று நிற இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த தடம். எவ்வளவு பொறுமை!

இதற்கு அதே நிற ரவிக்கை வேண்டாம். நான் முழங்கை வரை கைவைத்த கடுகுமஞ்சள் பருத்தி ரவிக்கை போடுகிறேன். காதுக்கு ஜிமிக்கி போதும். வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய ஜரிகை இருக்கும்போது கழுத்துக்கு எதற்குத் தனி நகை? முந்தானையை நீளமாக விட்டால் பிட்னிக் கோடு முதுகில் அழகாக விழும்.

உடுத்தியதும் நிழலில் காற்றாட விட்டு, பிளாஸ்டிக் உறையில் போடாமல், மல் வேட்டியில் சுற்றி வையுங்கள். மடிப்பை அவ்வப்போது மாற்றுங்கள். பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். வெட்டிப் பாவாடை தைக்கலாம் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: உடுத்தத் தாங்கும்வரை அது சேலைதான்.