கசிவு தெரிந்தால் போதுமா?

வீரசோழன் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்திருப்பீர்கள். மழையில் பெருகிய நீர், மழை நின்றபின் இறங்குமே தவிர தானாக ஏறாது. குவாண்ட்டம் கணிப்பொறியில் தகவலைத் தாங்கும் கியூபிட்டுக்கும் இத்தகைய ஒருவழிச் சேதம் உண்டு: 1 என்னும் நிலை ஆற்றலை இழந்து 0 ஆகிவிடும். கியூபிட் ஒன்றில் எவ்வகைப் பிழை நேர்ந்தாலும் திருத்த, தகவலை 5 கியூபிட்டுகளிலாவது பரப்பவேண்டும். இந்தக் கசிவுக்கு மட்டுமென்றால் 4 போதும் என்று லியுங் முதலானோர் 1997-இல் காட்டினர். முழுத் திருத்தமன்று, ஏறத்தாழத் திருத்தம்.

அந்த 'ஏறத்தாழ'வுக்கு 2010-இல் இலக்கணம் வகுத்தவர்கள் ஹுய் கூன் இங்கும், இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றும் பிரபா மண்டயமும். சேதத்தின் கணித வடிவம் தெரிந்தால் திருத்தும் முறையை அதிலிருந்தே எழுதிவிடலாம். மிகச் சிறந்த முறையைவிட அது அதிகம் பின்தங்காது என நிறுவினர். தேடி அலையும் வேலை மிச்சம்!

ஆனால், திருத்தும் கருவியே கசிந்தால்? அக்கட்டுரை அதைத் தொடவில்லை. மண்டயம் குழுவினரின் 2022 கட்டுரை, 4 கியூபிட் முறைக்கு அதையும் சமாளித்துக் காட்டியது. எனினும் அங்கும் கசிவு ஒன்றே எதிரி. உண்மைக் கருவிகளிலோ பிழைகள் பலவகை. அவற்றின் அளவும் நேரத்துக்கு நேரம் மாறும். மடையை அடைத்துவிட்டோம், சரி. கரை வேறிடத்தில் உடைந்தால் 4 போதுமா என்பதற்கு இக்கட்டுரைகளில் விடையில்லை.