பொதுப்பாடமும் திறன்பாடமும் : ஒரு கலைச்சொல் நோக்கு

பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தையும், இடுக்கியின் மூணாறு அரசுக் கல்லூரி மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தையும் சார்ந்தவை. ஆதலின் எல்லைப்பகுதித் தமிழ் மாணவர் கற்கும் மொழிப்பாடத்தை இருவேறு பாடத்திட்டக் குழுக்கள் வகுக்கின்றன.

2009இல் விருப்பத்தேர்வுப் பருவமுறை புகுந்தபோது ஆங்கிலமும் இரண்டாம் மொழியும் ‘பொதுப்பாடம்’ எனப்பட்டன. 2024இல் கேரளத்தில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் அவற்றின் இடத்தை ‘எபிலிட்டி என்ஹான்ஸ்மென்ட்’ என்னும் வகை பெற்றது. ‘ஸ்கில் என்ஹான்ஸ்மென்ட்’ என்பது தொழில்சார்ந்த தனி வகை. தமிழில் இரண்டையும் ‘திறன் மேம்பாடு’ எனப் பெயர்த்தால் வேறுபாடு மறையும். மொழிக்கல்வி தொழிற்பயிற்சியாகக் கொள்ளப்படும். முன்னதை ‘மொழியாற்றல்’, பின்னதைத் ‘தொழில்திறன்’ எனப் பிரித்தாளுதல் தகும்.

பெயர் திருந்தினும் ஒரு குறை எஞ்சும். ‘பொது’ என்னும் சொல் அனைவர்க்கும் உரியதைச் சுட்டியது. ‘மேம்பாடு’ கற்போரிடம் ஒரு குறையை முற்கோளாகக் கொள்கிறது. தமிழ்வழியில் பயின்றுவரும் தோட்டப்பகுதி மாணவர்க்கு அடிப்படைத் தொடர்பாடல் பயிற்சி மிகை. அவர் வேண்டுவது ஆய்வுரையும் மொழிபெயர்ப்பும் எழுதும் பயிற்சியே. புதிதாகத் தமிழ் கற்பார் தேவை வேறு. அடுத்த திருத்தத்தின்போது குழுக்கள் இவ்விரு நிலைக்கும் தனித்தனிப் பாடம் வகுத்தல் வேண்டும்.