கிளார்க் மேடையில் இரு விருந்தினர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்றொரு நகரம் உண்டு. அங்குள்ள கிளார்க் பல்கலைக் கழகம் 1889-இல் வகுப்புகளைத் தொடங்கியது. அளவிற் சிறியதாயினும் ஆசையிற் பெரியது. தன் பத்தாம் ஆண்டு விழாவுக்கும் இருபதாம் ஆண்டு விழாவுக்கும் கடல் கடந்து அறிஞரை வரவழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்தது. அழைத்தவர் அதன் தலைவர் ஸ்டான்லி ஹால். அவரே ஓர் உளநூல் வல்லார். 1899-இல் வந்தவர்களுள் ஒருவர் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் ரமோன் இ கஹால். 1909-இல் வந்தவர்களுள் ஒருவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு. முன்னவர் மூளையைப் பற்றிப் பேசினார். பின்னவர் மனத்தைப் பற்றிப் பேசினார். உளநூல் படித்தோரெல்லாம் பின்னவரின் வருகையை அறிவர். முன்னவரின் வருகையை அறிந்தோர் சிலரே. இது நியாயந்தானா என்பதே நம் கேள்வி.

பிராய்டின் ஐந்து சொற்பொழிவுகளையும் இன்று படிப்பவரும் அவற்றின் இனிமையை மறுக்க இயலாது. கையிற் குறிப்பு வைத்துக்கொள்ளாமல், காலையில் நண்பர் பெரென்சியோடு உலவியபடியே அன்றைய பேச்சைத் திட்டமிட்டு, ஜெர்மன் மொழியிற் பேசினார் என்பர். நாம் படிப்பது அவர் ஊர் திரும்பிய பின் எழுதி 1910-இல் வெளிவந்த வடிவம். எனினும் பேச்சின் சூடு அதில் ஆறவில்லை. இரண்டாம் சொற்பொழிவைப் பாருங்கள். விரும்பாத எண்ணத்தை மனம் எவ்வாறு அடக்கி வைக்கிறது என்று விளக்க வேண்டும். அதற்கு அவர் அந்த மண்டபத்தையே உவமையாக்கிவிடுகிறார். ஒருவன் சிரித்தும் காலைத் தேய்த்தும் பேச்சைக் கெடுக்கிறான். வலியவர் சிலர் அவனை வெளியே தள்ளிக் கதவுக்கு நாற்காலிகளை முட்டுக் கொடுக்கின்றனர். அவனோ வெளியில் நின்று கதவை இடிக்கிறான். முடிவில் தலைவர் ஹால் எழுந்து போய்ச் சமாதானம் பேசி உள்ளே அழைத்து வர வேண்டியதாகிறது. கேட்போர் தம் நாற்காலியைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பர். வகுப்பிலே அரிய கருத்தொன்றை விளக்க முயன்று களைத்த எந்த ஆசிரியரும் இதைக் கண்டு பொறாமைப்படுவார்.

குறை முதற் சொற்பொழிவில் இருக்கிறது. அதுவும் அவர் மிக நன்றாகச் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. மூத்த மருத்துவரான பிராயரிடம் வந்த இருபத்தொரு வயதுப் பெண்ணின் கதை அது. அவளுக்குத் தாகம் வாட்டும். ஆனால் தண்ணீர்க் குவளை உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவாள். அரைத்துயில் நிலையில் அவள் ஒரு நாள் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறாள்: தன்னைக் கவனித்த ஆங்கில மாதின் நாய் குவளையில் நீர் குடித்தது, அருவருப்பை அவள் வெளிக்காட்டாமல் அடக்கிக்கொண்டாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்கிறாள்; தடையின்றிக் குடிக்கிறாள். மனத்தில் அடைபட்டதைச் சொல்லிவிட்டால் நோய் அகலும் என்னும் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? இம்முறையைக் கண்ட பெருமை பிராயருடையது, தாம் அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் என்று பிராய்டு பணிவாகவே சொல்கிறார். அப்பணிவும் நம்பிக்கையை வளர்க்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிராயரின் சிகிச்சை 1882 ஜூனில் நின்றது. அடுத்த மாதமே அப்பெண் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கென் நகரத்து மனநோய் விடுதியிற் சேர்க்கப்பட்டாள். பின்னரும் சில ஆண்டுகள் மருத்துவ விடுதிகளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். அவ்விடுதியின் பழைய ஏடுகளைத் தேடியெடுத்து எலன்பெர்கர் 1972-இல் இதை வெளியிட்டார். பிராய்டு அறியாதிருந்தாரா என்றால், அதுவும் இல்லை. அவள் நலமின்றி இருக்கும் செய்தி, 1883-இல் அவர் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. கிளார்க் மேடையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பேச்சில் எல்லாவற்றையும் சொல்ல நேரமேது என்பார் உண்டு. உண்மைதான்; உவமையை விடலாம், வேடிக்கையை விடலாம். சான்றாகக் காட்டிய நோயாளி பிறகு என்ன ஆனாள் என்பதை விடலாமா? உள்ளூர்ப் பேராசிரியரைக் கேட்போர் மறு வாரமும் கேட்டுத் திருத்திக்கொள்வர். விருந்தினர் சனிக்கிழமை பேசி முடித்துப் புறப்பட்டுவிடுகிறார். அவர் விட்டுச் சென்றதே முடிந்த முடிபாக நின்றுவிடுகிறது. ஆகவே விருந்தினருக்குப் பொறுப்பு கூடுதல் என்பது என் கருத்து.

கஹாலுக்கு வருவோம். முந்திய ஆண்டுதான் ஸ்பெயின் அமெரிக்காவிடம் போரிலே தோற்றுக் கியூபாவை இழந்திருந்தது. இளமையில் அதே கியூபாவில் படை மருத்துவராயிருந்து மலேரியாவால் நலிந்து திரும்பியவர் அவர். வென்றவர் வீட்டு விருந்துக்குச் செல்லத் தயங்கியே வந்தார். அவர் பேசியது மனித மூளையின் மேற்பட்டையைப் பற்றி. கதை இல்லை, கண்டதை வரைந்த படங்கள் உண்டு. இத்தாலியரான கோல்கி கண்ட வெள்ளிச் சாய முறை, ஆயிரக்கணக்கான நரம்பணுக்களில் மிகச் சிலவற்றையே கறுப்பாக்கும். அதனாலேயே ஒவ்வொன்றும் அடர்ந்த காட்டில் தனித்து நிற்கும் மரம்போல் வேரும் கிளையுமாகத் தெரியும். அவ்வாறு பார்த்தே, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையல்ல, தனித்தனி அணுக்கள் என்றார் கஹால். சாயத்தைக் கண்ட கோல்கியே இதை ஏற்கவில்லை. 1906-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மேடையிலும் மறுத்தே பேசினார். 1950-களில் மின்னணு நுண்ணோக்காடி அவ்விடைவெளியைக் காட்டியது: ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் ஏறக்குறைய ஒரு கூறு. சில இடங்களில் அணுக்களுக்கு நேரிணைப்பும் உண்டென்று பிறகு தெரிந்து, கஹாலின் கொள்கையும் திருத்தம் பெற்றது. திருத்தம் பெற முடிந்ததே அதன் வலிமை. படம் மேசை மேல் இருந்தது; ஐயமுற்றவர் தாமே நுண்ணோக்காடியில் பார்க்கலாம். பிராய்டின் மண்டபத்தில் அத்தகைய மேசை ஏதுமில்லை.

இதனால் ஐந்து சொற்பொழிவுகளையும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எதையும் மேடையிற் சொல்லத் துணியாத காலத்தில் அவர் துணிந்தார். ஹாலும் துணிந்து அழைத்தார். சொல்லும் கலை பயில அவற்றைவிடச் சிறந்த பாடம் அரிது. வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியர் முதற் சொற்பொழிவு முடிந்ததும் அடுத்ததற்குப் போகாமல் அப்பெண்ணின் மீதிக் கதையையும் சொல்லட்டும். அதுவும் கேட்கத்தக்க கதையே. அவள் பெயர் பெர்த்தா பப்பன்ஹைம். பின்னாளில் நலம் பெற்று, அனாதைக் குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் உழைத்து, 1904-இல் ஜெர்மானிய யூதப் பெண்கள் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1954-இல் மேற்கு ஜெர்மனி அவர் உருவத்தை அஞ்சல் தலையில் பொறித்தது. நோயாளியாக அன்று, தொண்டராக.